தண்டவாளத்தடியில் கையை விடும் பிள்ளை

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. கடலுக்குப் போக மரைன் டிரைவ் வீதியைத் தாண்டி, அப்புறம் ரயில் தண்டவாளத்தையும் தாண்ட வேண்டும். நாலு வயது மகன் அங்கேதான் கையை உதறிவிட்டு ஓடுவான். கத்தினேன், கெஞ்சினேன், ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன். அடுத்த வாரம் அவன் தங்கச்சியின் முதுகில் அதே மாதிரி வைத்து, "சொன்னாக் கேக்க மாட்டியா?" என்றான். என் குரலேதான். அன்றோடு கை நீட்டுவதை விட்டேன்.

பிறகு செய்தது இது. வீட்டை விட்டு இறங்க முன்பே, செருப்புப் போடும்போது, குந்தியிருந்து அவன் முகத்துக்கு நேரே ஒரே வசனம்: "கையை விட்டா வீட்டுக்குத் திரும்புவம்." அவனையும் ஒருமுறை சொல்ல வைத்தேன். முதல் நாள் மரைன் டிரைவிலேயே விட்டான். திரும்பினோம். ஏச்சும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒழுங்கை முழுக்கக் குளறினான்; பல்கனிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் தண்டவாளத்தடி வரை ஒழுங்காக வந்து அங்கே உதறினான். எதிரே கடல் தெரிகிறது, ஆனாலும் திரும்பினோம். மூன்றாம் நாள் என் விரல் நோகப் பிடித்துக்கொண்டு வந்தான். "கையை விடாமல் வந்தாய், அப்பன்" என்றேன். வெறுமனே "நல்ல பிள்ளை" என்றால் எதற்கென்று அவனுக்கு விளங்காது.

கவனியுங்கள்: தண்டனை அந்த இடத்திலேயே, அந்தப் பிழையோடு ஒட்டி இருக்க வேண்டும். பின்னேரம் கையை விட்டதற்கு இரவில் கார்ட்டூனை நிறுத்தினால், அவனுக்குக் கார்ட்டூன் போன கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

"ஓடாதே" என்பதை விட "மெல்ல நட" என்பது வேலை செய்கிறது. "பொலிஸ் வந்து பிடிக்கும்" என்று மட்டும் வெருட்டாதீர்கள். பெரிய றோட்டான காலி வீதியில் (Galle Road) ஒருநாள் பிள்ளை தொலைந்தால் யாரிடம் போய் நிற்கும்?

மொன்டிசூரி வேனில் இருந்து மத்தியானம் இறங்கும்போது வரும் அடம் வேறு வகை. அது பசியும் வெயிலும். அந்த நேரத்தில் ஒழுக்கம் படிப்பிக்காமல் ஒரு கதலிப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

பொருளை எறிந்தாலோ கடித்தாலோ ஓரமாக ஒரு கதிரையில் இருத்துகிறேன். வயதுக்கு ஒரு நிமிடம், ஆகவே நாலு நிமிடம். முடிந்ததும் அந்தக் கதை முடிந்தது, திரும்பக் கிளறுவதில்லை.

பெரிய சிக்கல் என் அம்மாதான். நான் திருப்பிக் கூட்டி வந்தால் கதவடியிலேயே டொபியோடு நிற்பார். "விடு பிள்ளை, சின்னவன்தானே" என்பார். அதே வாயால் "அடியாத மாடு படியாது" என்றும் சொல்வார்! பள்ளிக்கூடத்திலேயே அடிக்கக் கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டதைச் சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. கடைசியில் பங்கு பிரித்தோம். டொபி அவருடைய ராச்சியம், நாலு மணிக்குப் பிறகு எது கொடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். திருப்பிக் கூட்டி வந்த நாளில் மட்டும் டொபிப் போத்தல் அலுமாரியை விட்டு வெளியே வராது. வாதாடியதை விட இது பலித்தது.

போன் விஷயத்தில் நான் இன்னும் தேறவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் அவனுடைய அப்பாவின் போன் கிடக்கும்போது நான் எந்த முகத்தோடு சொல்வது? இப்போதைக்கு, சாப்பாட்டு நேரத்தில் என் போனும் அவருடையதும் பிரிஜ்ஜுக்கு மேலே.