டெசராக்ட் தரும் தமிழ் உரையைப் பைத்தானுக்குள் பிடிப்பது எப்படி?

ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட், கமாண்ட் லைனில் ஓடும் நிரல். அது தரும் உரையைப் பைத்தானில் ஒரு வேரியபிளில் வாங்குவதுதான் இங்கே வேலை. உபுண்டுவிலும் டெபியனிலும் டெசராக்டை நிறுவினால் மட்டும் போதாது. தமிழ் மொழிக்கோப்புக்கான பேக்கேஜையும் தனியாக நிறுவ வேண்டும்.

ஓஎஸ் மாட்யூலில் இருக்கும் சிஸ்டம் ஃபங்ஷன் இதற்கு உதவாது. உரை நேரே திரைக்குப் போய்விடும். உங்கள் கைக்கு வருவது நிரல் முடிந்த நிலையைச் சொல்லும் எண் மட்டுமே. சப்பிராசஸ் மாட்யூலின் ரன் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் 3.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், ஏனென்றால் கேப்சர் அவுட்புட் என்ற ஆர்குமென்ட் அதில்தான் வந்தது.

கட்டளையை ஒரே ஸ்ட்ரிங்காக எழுதாமல் லிஸ்ட்டாகக் கொடுங்கள். முதலில் நிரலின் பெயர், அடுத்து படக் கோப்பு, மூன்றாவதாக எஸ்டிடிஅவுட் (நிரல் தன் வெளியீட்டை அனுப்பும் வழக்கமான வழி) என்ற சொல், பிறகு மொழியைக் குறிக்கும் ஹைஃபன் எல், கடைசியாக டி, ஏ, எம் என்ற மூன்றெழுத்துக் குறியீடு. மூன்றாவது இடத்தில் வேறு பெயரைக் கொடுத்தால் டெசராக்ட் அந்தப் பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை எழுதிவிட்டுப் போய்விடும். நீங்கள் பிடித்த வெளியீடு காலியாக இருக்கும். லிஸ்ட்டாகக் கொடுத்தால் கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தாலும் சிக்கல் வராது. ஷெல் ஆர்குமென்டை ட்ரூ ஆக்க வேண்டாம். ஆக்கினால் கட்டளை ஷெல் என்ற இடைநிரல் வழியாகப் போகும். யாரோ அப்லோட் செய்த கோப்பின் பெயரில் ஒரு செமிகோலன் இருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதையும் ஷெல் ஒரு கட்டளையாக ஓட்டிவிடும்.

கேப்சர் அவுட்புட்டை ட்ரூ என்றும், என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்றும், டைம்அவுட்டை 120 விநாடி என்றும் வையுங்கள். பலரும் என்கோடிங்கைச் சொல்லாமல், டெக்ஸ்ட் ஈக்குவல் ட்ரூ என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலும் அது ஓடிவிடும். ஆங்கில விண்டோஸில் பைத்தான் வழக்கமாக 1252 கோட்பேஜில்தான் (பைட்டை எழுத்தாக மாற்றும் பழைய அட்டவணை) படிக்கும். தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்-8இல் 224, 175, 141 என்று மூன்று பைட். 141க்கு அந்தக் கோட்பேஜில் எழுத்தே கிடையாது. பக்கத்தில் ஒரே ஒரு மெய்யெழுத்து இருந்தாலும் யூனிகோட் டிகோட் எரர்தான்!

பிழைச் செய்திகளும் எச்சரிக்கைகளும் வரும் வழியான எஸ்டிடிஎரரை எஸ்டிடிஅவுட்டோடு சேர்க்காதீர்கள். படத்தில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) விவரம் இல்லாவிட்டால், ரெசல்யூஷனைத் தானே மதிப்பிட்டதாக டெசராக்ட் ஒரு வரி எழுதும். அது போவது எஸ்டிடிஎரருக்கு. இரண்டையும் கலந்தால் அந்த ஆங்கில வரி உங்கள் தமிழ் உரைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஃபார்ம்ஃபீட் என்ற பக்கப் பிரிப்புக் குறி ஒன்றும் வரும். கண்ணுக்குத் தெரியாது. உரையின் கடைசியில் இருப்பது ஸ்ட்ரிப் போட்டால் போய்விடும், பக்கங்களுக்கு நடுவில் இருப்பது போகாது.

உரையைத் தொடும் முன், நிரல் முடிந்த நிலையைச் சொல்லும் எண்ணான ரிட்டர்ன்கோடைப் பாருங்கள். மொழிக்கோப்பு இல்லையென்றால் அது பூஜ்யமாக இருக்காது. காரணம் எஸ்டிடிஎரரில் இருக்கும். செக் ஆர்குமென்டை ட்ரூ ஆக்கினால் பைத்தானே எக்ஸெப்ஷன் எழுப்பும். ஆனால் அதன் செய்தியில் கட்டளையும் எண்ணும் மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. எக்ஸெப்ஷனைப் பிடித்து அதன் எஸ்டிடிஎரர் ஆட்ரிபியூட்டையும் லாகில் எழுதுங்கள். டெசராக்டே நிறுவப்படாத கணினியில் வருவது ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர், அதைத் தனியாகப் பிடிக்க வேண்டும். லினக்ஸில் ரிட்டர்ன்கோட் -9 என்று வந்தால் யாரோ நிரலைக் கொன்றிருக்கிறார்கள். சிறிய சர்வரில் பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னல் செய்த வேலை.

ரன்னுக்குப் பதிலாக அதே மாட்யூலின் பாப்பன் போட்டு, எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎரர் இரண்டையும் பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய்) விட்டு, நிரல் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்டை அழைத்தால் சின்னப் படத்துக்கு நன்றாகவே ஓடும். பல பக்கங்கள் கொண்ட டிஃப் (TIFF) படக் கோப்பில் அசையாமல் நின்றுவிடும். லினக்ஸ் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 21,800 சொச்சம் குறிகளிலேயே அது நிரம்பிவிடும். படிப்பார் இல்லாமல் டெசராக்ட் எழுத முடியாமல் காத்திருக்கும். அது முடியட்டும் என்று உங்கள் நிரல் காத்திருக்கும். ரன் உள்ளுக்குள் கம்யூனிகேட் என்ற மெத்தடைப் பயன்படுத்தி இரண்டு பைப்பையும் படித்துக்கொண்டே இருப்பதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை.

நீளமான கோப்பென்றால் பக்கங்களைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு ரன் என்று ஓட்டுவது நல்லது. மொழிக்கோப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக லோட் ஆகும், உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் தகராறு செய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் த்ரெட்கள் சிபியுவுக்கு அடித்துக்கொண்டு எல்லாமே மெதுவாகும். அந்த ஒரு மாறியை மட்டும் என்வ் ஆர்குமென்டில் கொடுத்தால் பாத் உட்பட மற்றதெல்லாம் அழிந்துவிடும். ஓஎஸ் என்விரானை நகலெடுத்து, அதில் இதைச் சேர்த்து அனுப்புங்கள்.