குருமனைப் பிள்ளை ஊழியத்துக்கு வருவதென்றால்

என் தாத்தா தேரிக்காட்டோரம் ஒரு கிராமத்தில் உபதேசியார் (குருப்பட்டம் இல்லாமல் சபையைக் கவனிக்கும் ஊழியர்). அப்பா சேகரகுருவாக, அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகராக, இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன்தான் அடுத்து அங்கி போடுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. அவன் வங்கி வேலைக்குப் போனான், நான் ஊழியத்துக்கு வந்தேன். "அப்பா வழியில் நானும் வரலாமா?" என்று கேட்கிற குருமனைப் பிள்ளைகளிடம் (போதகர் வீட்டுப் பிள்ளைகளிடம்) நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருத்தனை, அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொள்ளும் விஷயம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே "இதை ஊழியத்துக்குத் தருகிறேன்" என்று பொருத்தனை பண்ணும் அம்மாக்கள் நம்மிடம் நிறையப் பேர். வேதாகமத்தில் அன்னாளும் தன் மகன் சாமுவேலை அப்படித்தான் கொடுத்தாள். ஆனாலும் அவன் வளர்ந்த சீலோ ஆலயத்தில் ஒரு ராத்திரி கர்த்தர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அதே சாமுவேல் வயதான காலத்தில் தன் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். அதனால் அம்மாவின் பொருத்தனையை மதியுங்கள், ஆனால் அதையே உங்கள் அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நான் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாத ஊரிலும் இந்த வேலையைச் செய்வேனா?" என்று ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேட்டால் மட்டும் போதாது, அப்படி ஓர் ஊருக்குப் போயும் பாருங்கள். பேராயர் வி.எஸ். அசரியா திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். படித்த கையோடு அப்பாவின் அங்கியைப் போட்டுக்கொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை செய்தார், 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றார், பிறகு தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கே போனார். 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனது அதற்கப்புறம்தான். உங்களால் முடிந்தால் ஒரு மிஷன் பணித்தளத்திலோ, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்திலோ கொஞ்ச காலம் இருங்கள். அங்கே அப்பா பேர் சொல்லி யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.

குடும்ப ஊழியம் என்றால் பிரசங்கபீடம்தான் என்றும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மிஷனெரி மருத்துவக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று வந்து நின்றார்கள், ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை உள்ளே விடவில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். பாட்டனும் தகப்பனும் மருத்துவர்களாக எட்ட முடியாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்தது. உங்கள் அப்பா எட்ட முடியாமல் விட்ட இடத்தை அவரிடமே கேளுங்கள். அழைப்பு பல நேரம் அங்கேதான் இருக்கும்.

ஊழியத்தின் விலை என்ன என்பதை மட்டும் அம்மாவிடம் கேளுங்கள். இடமாறுதல் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடியவர் அவர். நடுராத்திரியில் கதவு தட்டுகிறவர்களுக்கு எழுந்து விளக்குப் போட்டவரும் அவர்தான். கல்யாணத்துக்குப் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்குமுன் இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும்.

சரி, முடிவு செய்தாயிற்று என்றால் பெரியவர்களிடம் உட்காருங்கள். பிரசங்கக் குறிப்பை வாங்கி வைத்துக்கொள்வது சுலபம், ஆனால் எனக்கு அதைவிட உதவியது அப்பா வீடு சந்தித்த முறை. ஞாயிறு ஆராதனையில் யார் வரவில்லை என்று அன்று மாலையே ஒரு நோட்டில் எழுதுவார், வாரத்துக்குள் அந்த வீட்டுக்குப் போவார். துக்க வீட்டுக்கு அடக்கத்தன்று மட்டுமல்ல, கூட்டம் கலைந்த பிற்பாடும் தனியாக ஒருமுறை போவார். கடன் கேட்டு வருகிறவருக்கு என்ன பதில் சொன்னார், அண்ணன் தம்பி நிலத்தகராறில் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செமினரியில் இவ்வளவு நுணுக்கமாகக் கிடைக்காது.

முறையான வழி தென்னிந்தியத் திருச்சபையில் ஏறக்குறைய இப்படி: சேகரத்தின் பரிந்துரை, திருமண்டலத் (பேராயரின் கீழுள்ள சேகரங்கள் அடங்கிய பகுதி) தேர்வு, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பு (மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற இடங்களில்), மூத்த குருவானவரின் கீழ் பயிற்சி, பிறகு உதவிகுரு, அதன்பின் குருவானவர். விவரங்கள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பரிந்துரை பேசப்படும் கூட்டத்தில் அப்பா உட்கார வேண்டாம். பெண்பிள்ளைகள் தயங்காதீர்கள், நம் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது.

வேலையில் சேர்ந்தபின் அப்பாவின் நண்பர்களும் வருவார்கள், அவரோடு மனத்தாங்கல் உள்ளவர்களும் வருவார்கள். இரண்டையும் சுதந்தரித்துக்கொள்ளாதீர்கள். திருமண்டலத் தேர்தலில் அப்பா எந்த அணி என்பது உங்கள் கணக்கில் இருக்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சபையை இரண்டாக்குவது பெரும்பாலும் இந்த அணிப் பழக்கம்தான். அப்பா சேகரகுருவாக இருந்த இடத்துக்கு உடனே போகாதிருப்பதும் நல்லது. "ஐயா இருந்தப்போ இப்படிச் செய்ய மாட்டாரே" என்று யாராவது சொன்னால், "அவர் எப்படிச் செய்தார், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பாதி நேரம் அதில் நல்ல யோசனை இருக்கும்.

ஓய்வு பெற்ற அப்பா உங்களோடு குருமனையில் இருந்தால் ஒரு ஒழுங்கு வேண்டும். ஜெபத்துக்காக யாரும் அவரிடம் வரட்டும், அது அவருக்கும் நல்லது. ஞானஸ்நானம், திருமண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு), கமிட்டி விவகாரம் என்றால் அவரே "பிள்ளையிடம் கேளுங்கள்" என்று அனுப்பிவிட வேண்டும். இதை முதல் வாரத்திலேயே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.