படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள்

வைகை அணை 66 அடியைத் தொட்டு முதல் வெள்ள எச்சரிக்கை வந்துவிட்டால் எனக்கு போன் ஓயாது. கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர்கள்தான். "அண்ணே, போன வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப கயித்த இழுத்து இழுத்துத் தோளே கழண்டுருச்சு."

போன வருசம் ஓடியதுதான் சிக்கலே. கடற்கரையில் மோட்டாருக்கு நித்தமும் வேலை இருக்கும். நம்ம பக்கம் கண்மாய் பெருகினால்தான் அதை எடுப்போம். மீதி மாதமெல்லாம் தொழுவத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும், உள்ளே பழைய பெட்ரோலோடு.

நான் சொல்வது தனி டேங்க், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த சின்ன டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு. இன்ஜெக்ஷன் மோட்டாரில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

வேலையை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. கூலிங் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்துவிடும். படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றிவிட்டு, பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு முங்கும்படி இறக்குங்கள். சிவப்புக் கயிறு போட்ட கில் சுவிட்ச் (அவசரத்துக்கு எஞ்சினை நிறுத்துவது) மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமலே அரை மணி நேரம் இழுத்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 1: ப்ளக்கைக் கேளுங்கள்

பத்துத் தடவை இழுத்துவிட்டு ப்ளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கீழே உள்ள படிகள் உங்களுக்குத்தான். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று கரண்ட் இல்லை, இல்லையென்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்கிறது.

படி 2: டேங்க்

மூடியில் சின்னக் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். ஏற்றிக்கொண்டு வரும்போது சிந்தாமல் இருக்க அதை மூடுவோம், திறக்க மறப்போம். மோட்டார் ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் கோளாறு அதுதான். நான் தொழில் பழகின புதிதில் இது தெரியாமல் ஒரு கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து, ஒரு பொடி ஸ்க்ரூவை மண்ணில் தொலைத்து, ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அடுத்து, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பாட்டிலில் இரண்டு அடுக்கு தெரிந்தாலோ, பெயிண்ட் வாடை அடித்தாலோ, யோசிக்காமல் டேங்கைக் காலி செய்யுங்கள். புதுப் பெட்ரோலில் ஆயிலைக் கம்பெனி புத்தகம் சொல்லும் அளவுக்குக் கலங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

படி 3: பல்பு

ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்புதான் இந்த வேலையில் நாடி பார்க்கும் இடம். அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அந்த முனை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள்.

நாலைந்து அமுக்கில் கல் மாதிரி இறுகினால், டேங்கிலிருந்து பல்பு வரை வழி சுத்தம். டேங்கை விட்டுவிட்டு, படி 4-இல் ஃபில்டரை மட்டும் பார்த்துவிட்டு படி 5-க்குப் போங்கள்.

அமுக்கியது அமுங்கியபடியே சப்பையாக நின்றால், டேங்க் பக்கம் அடைப்பு. காற்றுத் திருகு, டேங்குக்குள் இறங்கும் குழாயின் வலை, ஹோஸ் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும். உள்தோல் உரிந்து கதவு மாதிரி வழியை மறிக்கும். ஊதிப் பார்த்தால் தெரியாது, மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை அமுக்கினாலும் இறுகவே இல்லையா? எங்கேயோ காற்று வாங்குகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. மோட்டாரில் மாட்டும் கனெக்டரின் ஓ ரிங்கையும் கிளிப்புகளையும் முதலில் பாருங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் மட்டும் கதை வேறு: உள்ளே பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவை ஊசி மூடவில்லை.

நல்லபடி ஓடுகிற இன்னொரு மோட்டாரின் டேங்கையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் குறுக்கு வழி. ஓடிவிட்டால் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

படி 4: ஃபில்டர், பம்ப்

ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள். மோட்டார் ஓடி அமரும்போது பல்பை அமுக்கினால் உயிர் வருகிறதா? டேங்க் பக்கம் சரியாக இருந்தால், பெட்ரோல் பம்பின் டயாபிரம் (பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வு) விறைத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். கிட் வாங்கி, கழற்றும் முன் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு மாற்றுங்கள்.

படி 5: கார்புரேட்டர்

இங்கே வரும்போதும் உடனே பிரிக்க வேண்டாம். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள வடி திருகைத் திறந்து வருவதைப் பிடியுங்கள். தண்ணீரோ பிசினோ வந்தால் கழுவித்தான் ஆக வேண்டும். வேகத்தில் ஓடி ஸ்லோவில் நின்றால் ஸ்லோ ஜெட் (பெட்ரோல் வரும் பொடி ஓட்டை) அடைப்பு. சோக் இழுத்தால் மட்டும் ஓடினாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஜெட் அடைப்புதான். கார்ப் கிளீனர் அடித்து, காற்று விட்டு, வெளிச்சத்தில் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான்.

படி 6: எடுத்து வைக்கும்போது

கண்மாய் வற்றி மோட்டாரை ஏறக்கட்டும் நாளில், டிரம்மில் ஓடும்போதே ஹோஸைக் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தானே நிற்கும். வடி திருகையும் திறந்து மிச்சத்தை வடியுங்கள். டேங்கில் மீந்த ஆயில் கலந்த பெட்ரோலை அந்த வாரமே பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸெல்லில் ஊற்றிவிடலாம். எங்கள் மாமா வண்டி வருசா வருசம் அதைக் குடித்துத்தான் சோழவந்தான் சந்தைக்குப் போய் வருகிறது.