பிளண்ட் என்றால் மழுங்கல்தானா?

சென்ற மாதம், புதிதாக மொழிபெயர்க்க வந்த மூன்று பேரின் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்று மருத்துவமனைத் துண்டறிக்கை, ஒன்று வெப் சீரிஸ் வசனம், ஒன்று பொருளாதாரக் கட்டுரை. மூன்றிலும் ‘மழுங்கிய’ என்ற சொல் கண்ணைக் குத்தியது. மழுங்கியது எப்படிக் குத்தும் என்று கேட்காதீர்கள், குத்தியது. மூலத்தைத் திறந்து பார்த்தால் மூன்று இடத்திலும் ‘பிளண்ட்’ (blunt) என்ற ஆங்கிலச் சொல்.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எழுதினேன். எழுத்துப்பிழை, நடிகை எமிலி பிளண்டின் பெயரையே மொழிபெயர்த்து வைப்பது போன்றவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை இரண்டாவது முறை படித்தாலே தெரிந்துவிடும். நன்றாக எழுதுகிறவர்களும் தடுக்கி விழும் இடங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

நேராகப் பேசியவரை மழுப்ப வைப்பது

வசனக் கோப்பில் இருந்த வரி இது. கதாநாயகி தன் மேலாளருக்கு ‘பிளண்ட்’டாகப் பதில் சொல்கிறாள். தமிழில் வந்தது: “அவள் மழுப்பலாகப் பதிலளித்தாள்.”

எழுதிய தம்பியைக் கேட்டேன். “மழுங்கல், மழுப்பல் எல்லாம் ஒரே குடும்பம்தானே சார்?” என்றார். பார்த்தால் ஒரே குடும்பம்போலத்தான் இருக்கிறது. ஆனால் மழுப்புவது என்றால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுவது. ஆங்கிலத்தில் பிளண்ட்டாகப் பேசுவது என்றால் நழுவவே நழுவாமல் சொல்வது. கதாநாயகி படத்தில் ஒன்று செய்கிறாள், கீழே ஓடும் எழுத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்கிறாள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலக்காரருக்கு ஒளிவு மறைவில்லாத பேச்சு முனை சீவாத பேச்சு. நமக்கோ அது வெட்டும் பேச்சு. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்கிறோம், ‘வெடுக்கென்று சொன்னார்’ என்கிறோம். அவர்கள் கூர் போனது என்று சொல்லும் இடத்தில் நாம் கத்தியையே எடுக்கிறோம். அதனால் உருவகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

எதை எழுதலாம் என்றால், ஆளையும் இடத்தையும் பார்க்க வேண்டும். பேசியவர் நல்லவர், கேட்டவருக்குக் கொஞ்சம் உறுத்தியது என்றால் ‘பட்டென்று சொல்லிவிட்டார்’. மரியாதைக்காகக்கூட இனிப்புத் தடவவில்லை என்றால் ‘முகதாட்சண்யம் பார்க்காமல் சொன்னார்’. கேட்டவர் சுருங்கிப் போனார் என்றால் ‘முகத்தில் அடித்தாற்போல்’. இந்தக் கடைசியை எல்லா இடத்திலும் போடாதீர்கள், அதில் காயப்படுத்தும் வாடை தூக்கல். வசனத்தில் ஒருவர் பேச்சைத் தொடங்கும்போதே ‘டு பி பிளண்ட்’ என்றால், “தப்பா எடுத்துக்காதீங்க, உள்ளதைச் சொல்லிடறேன்” என்றுதான் நம் ஊரில் ஆரம்பிப்பார்கள்.

பழைய எழுத்தை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது, 1200-ஐ ஒட்டிய காலத்தில், அதற்கு மந்தபுத்தி என்பதுதான் பொருள். கத்தியின் கூருக்கு வந்தது அப்புறம். ஒளிவு மறைவில்லாத பேச்சுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் இரண்டு பொருளும் வருகின்றன. காஸ்கா இப்படி பிளண்ட் ஆகிவிட்டானே, பள்ளிக்கூட நாளில் எவ்வளவு துடியாக இருந்தான் என்கிறான் புரூட்டஸ். அது புத்தி மழுங்கல். சீசரின் பிணத்தருகே நின்று, நான் பேச்சாளன் இல்லை, வெறும் பிளண்ட்டான ஆள் என்கிறான் ஆண்டனி. அது மனதில் பட்டதைப் பேசுகிறவன். ஒரே சொல்லுக்கு ஒரே தமிழ் என்று விரதம் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைக் கெடுத்தே தீருவார்கள்.

காயம் மழுங்காது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம். ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் செய்து கொடுத்தேன். அடிபட்டு வந்து, மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் கையில் கொடுப்பது. தலையில் அடி, தீக்காயம், எலும்பு முறிவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு ‘பிளண்ட் இஞ்சுரி அப்டமன்’. நான் எழுதியது: “வயிற்றில் மழுங்கிய காயம் ஏற்பட்டவர்கள், கீழ்க்கண்ட அறிகுறிகள் தென்பட்டால் உடனே திரும்பி வரவும்.” இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை. 2,000 பிரதி அச்சடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் போன் செய்தார். சைக்கிளிலிருந்து விழுந்த பையன் ஒருவன் வந்திருக்கிறான். ஹேண்டில்பார் முனை வயிற்றில் இடித்திருக்கிறது. அப்போது வலி குறைந்துவிட்டதால், பார்த்துவிட்டுத் துண்டறிக்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி வலி கூடியது. பையன் இடது தோளும் வலிக்கிறது என்றான். அப்பா துண்டறிக்கையை எடுத்துப் படித்திருக்கிறார். ‘மழுங்கிய காயம்’ என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, நமக்கு இல்லை என்று தாண்டிப் போய்விட்டார். விடிகாலையில் பையன் முகம் வெளிறியபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மண்ணீரலில் கிழிசல், உள்ளே ரத்தக்கசிவு. மண்ணீரல் கசிந்தால் வலி இடது தோளில் தெரியும், அந்தக் கட்டத்திலேயே மூன்றாவது வரியாக அது இருந்தது. படிக்க வேண்டியவர் தலைப்போடு நின்றுவிட்டார். “எம்புள்ளைக்குத்தான் காயமே இல்லையேம்மா” என்று அவர் நர்ஸிடம் சொன்னதாகக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பையன் அறுவை சிகிச்சை இல்லாமலே, படுக்கையில் வைத்துக் கண்காணித்ததில் தேறிவிட்டான். மிச்சப் பிரதிகள் பழைய பேப்பருக்குப் போயின. மறு அச்சுச் செலவு என் தலையில். அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு வருஷம் வேலை வரவில்லை, வந்திருந்தாலும் எனக்குச் செய்யும் தெம்பு இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘காயம்’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அது காயத்தைப் பற்றிப் பேசவில்லை. இடித்த பொருளைப் பற்றிப் பேசுகிறது. குத்திக் கிழித்து உள்ளே போகாமல், மொத்தமாக மோதிய பொருள்: ஸ்டீயரிங், ஹேண்டில்பார், மாட்டின் தலை, கைமுஷ்டி, தரை. தமிழில் ‘மழுங்கிய காயம்’ என்றால் காயமே மழுங்கிவிட்டது. படிக்கிறவர் காதில் அது கிட்டத்தட்ட ஆறிப்போன காயம், பெரிதாகக் கவலைப்பட வேண்டாத காயம். தோல் கிழியாமலே கல்லீரலோ மண்ணீரலோ கிழியக்கூடிய அடியை, நான் ஆறின காயமாக்கிக் கொடுத்திருந்தேன்.

மறு அச்சுக்கு எழுதியது: “வயிற்றில் அடி விழுந்தாலோ, இடிபட்டாலோ, எதிலாவது மோதிக்கொண்டாலோ (வெளியே காயமே தெரியாவிட்டாலும்)...” ஒரு வரி இரண்டு வரியானது. அச்சுக்குப் போகும் முன் நர்ஸ் அதை வார்டில் ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டினார். பாட்டி, “ஓ, ஊமைக்காயமா?” என்றாராம். நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த சொல் அந்தக் கட்டிலில் இருந்தது. கட்டத்தின் தலைப்பு ‘ஊமைக்காயம்’ ஆனது.

ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட முடியாது. தடியடியில் மண்டை பிளந்து ரத்தம் கொட்டினாலும் மருத்துவர் அதை பிளண்ட் என்ற கணக்கில்தான் வைப்பார். அது ஊமையாக இருக்காது.

சென்ற மாதம் வந்த கோப்பில், அச்சுப் பிசகாமல், அதே ‘வயிற்றில் மழுங்கிய காயம்’.

மழுங்கிய ஆயுதம்

இதுவும் அதே நோய்தான், ஆனால் கோர்ட்டுக்குப் போகிறது.

காயச் சான்றிதழில் ‘பிளண்ட் வெப்பன்’ என்று இருக்கும். ‘மழுங்கிய ஆயுதம்’ என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் வருவது சாணை பிடிக்காத அரிவாள். மருத்துவர் சொன்னது கட்டை, கம்பு, கல், இரும்புக் குழாய். கூர் போனது வேறு, கூரே இல்லாதது வேறு. ‘கூரில்லாத ஆயுதம்’ என்று எழுதுங்கள், தீர்ந்தது.

இந்த ஒரு சொல்லில் வருஷக்கணக்கு தொங்குகிறது. வெட்டும், குத்தும், சுடும் கருவியால் காயப்படுத்தினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. கைகலப்பில் சாதாரணக் காயம் என்றால் 115, ஓராண்டு வரை. அரிவாள் மழுங்கியிருந்தாலும் வெட்டும் கருவிதான். கம்பு என்றால், அது உயிரைப் பறிக்கக்கூடிய விதத்தில் பயன்பட்டதா என்ற வாதம் தனியே நடக்கும். இரண்டையும் ஒன்றாக்குவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை.

அரிவாளின் பின்புறத்தால் அடித்தார் என்று வரும்போது இன்னும் கவனம் வேண்டும். பெயர் அரிவாள், பட்ட அடி கட்டையடி. காயத்தின் பெயரையும் கலக்காதீர்கள்: ‘இன்சைஸ்டு’ என்றால் வெட்டுக்காயம், விளிம்பு சீராக இருக்கும். ‘லாசரேட்டட்’ என்றால் கிழிவுக்காயம், விளிம்பு பிய்ந்திருக்கும், உள்ளே திசு இழைகள் அறுபடாமல் பாலம் பாலமாக நிற்கும். மண்டையிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் தோல் எலும்பை ஒட்டியே இருப்பதால், கம்படிகூட வெட்டினாற்போல் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து மருத்துவர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பார். நீங்கள் இரண்டையும் ‘வெட்டுக்காயம்’ என்று எழுதிவிட்டால் அந்த உழைப்பு போச்சு.

மழுங்கல் சரியாக வரும் இடங்கள்

கத்தி, பென்சில், பிளேடு. இங்கே தாராளமாக. ‘மழுங்கிய கத்தி’, ‘மொண்ணைக் கத்தி’, ‘பென்சில் மொக்கையாகிவிட்டது’ எல்லாம் நல்ல தமிழ். சும்மா ஒரு கவனிப்பு: சலிப்பூட்டும் பேச்சுக்கு நாம் வைத்த பெயர்கள் அறுவை, பிளேடு, மொக்கை. இருக்கும் கூரும் சலிப்பு, போன கூரும் சலிப்பு.

மார்பு எக்ஸ்ரேயிலும் வரும். விலாவும் உதரவிதானமும் சந்திக்கும் மூலை கூராகத் தெரிய வேண்டும், அது ‘பிளண்ட்’ ஆகியிருக்கிறது என்று எழுதுவார்கள். ‘மூலை மழுங்கியுள்ளது’ என்றால் சரி. நின்றபடி எடுத்த படத்தில் அது தெரிய, பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிச் சுமார் 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அதற்காக ‘நுரையீரலில் நீர்’ என்று நீங்களே எழுதிவிடக் கூடாது. நுரையீரலின் உறை தடித்திருந்தாலும் மூலை மழுங்கும். நோயைச் சொல்வது மருத்துவர் பாடு.

மனநல அறிக்கை

‘பிளண்டட் அஃபெக்ட்’ என்றால் முகத்திலும் குரலிலும் உணர்ச்சி வெளிப்பாடு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ‘மழுங்கிய மனநிலை’ என்று எழுதினால் வீட்டார் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

வட்டி விகிதம் என்ற தடி

பொருளாதாரக் கட்டுரையில் வட்டி விகிதத்தை ‘பிளண்ட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்று எழுதியிருந்தார்கள். தமிழில் ‘மழுங்கிய கருவி’. வாசகர் என்ன நினைப்பார்? ரிசர்வ் வங்கி உதவாத கருவியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது என்று. மூலத்தில் உள்ளது வேறு: கருவிக்குப் பலம் உண்டு, இலக்கு பார்த்து அடிக்கத்தான் தெரியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது, வீட்டுக்கடன் வாங்கியவர், லாரிக்குத் தவணை கட்டுகிறவர், பட்டறை விரிக்க நினைத்தவர் எல்லாருக்கும் அடி விழுந்தது. மழையில் அழுகி விலை ஏறும் தக்காளிக்கு வட்டி என்ன செய்யும்? ‘ஆள் பார்க்காமல் விழும் அடி’ என்று திருத்தினேன். கட்டுரையாசிரியருக்குக் கொச்சையாகப் பட்டது. ‘நுணுக்கமில்லாத கருவி’ என்று சமாதானமானோம். எனக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது.

வினைச்சொல்லாக வரும்போது

தணித்தது, மட்டுப்படுத்தியது. அலையாத்திக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும், ‘மழுங்கடிக்காது’.

பற்ற வைப்பது

வெப் சீரிஸில் ஒருவன் ‘மழுங்கியதைப் பற்ற வைத்தான்’. சுருட்டு இலையில் கஞ்சாவை வைத்து உருட்டுவதற்கு அமெரிக்காவில் ‘பிளண்ட்’ என்று பெயர், ‘ஃபிலிஸ் பிளண்ட்’ என்ற சுருட்டிலிருந்து வந்தது. ‘கஞ்சாச் சுருட்டு’ போதும்.

பிளண்ட் கட்

முடி நுனியைப் படி வைக்காமல் ஒரே நேர்கோட்டில் வெட்டுவது. பார்லரில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். ‘மழுங்கிய வெட்டு’ என்று போர்டு வைத்தால், கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.