புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு ரகசியம்: நாவலாக்கும் வழி

இந்த வகை நாவலை எழுத உட்காருகிறவர்கள் பலரும் ரகசியம் எது என்று தேடுவதிலேயே ஆறு மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். இரண்டாவது குடும்பம், பழைய காதல், மறைத்த நோய், கடன். பட்டியல் இவ்வளவுதான், எல்லாவற்றையும் வாசகர் ஏற்கெனவே படித்திருக்கிறார். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். எடுத்துக்கொண்ட ரகசியத்தைக் காப்பாற்ற மாதாமாதம் என்ன செலவாகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பணம், நேரம், பொய், தூக்கம் எல்லாம் சேர்ந்த செலவு. கதையை அதுதான் ஓட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு வீடு. மனைவி தன் தம்பிக்காக 5 பவுன் தாலிச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள். கணவனுக்குத் தெரியாது. பவுனுக்கு 8 கிராம், ஆக 40 கிராம். நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் அவள் போகமாட்டாள். தெரிந்த முகம் யாராவது எதிரே வரும். வங்கியில் வட்டி குறைவுதான். ஆனால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும், தவணை தப்பினால் பதிவுத் தபால் வீட்டு வாசலுக்கே வரும். அதனால் ஊர் தள்ளி ஓர் அடகுக்கடை, இரண்டு வட்டி. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். வாங்கியது 2 லட்சம் என்றால் வட்டி மட்டும் மாதம் 4,000 ரூபாய். கணவன் கொடுக்கும் வீட்டுச் செலவுப் பணத்தில் இந்த நாலாயிரத்தை எதிலிருந்து கிள்ளுகிறாள்? பாலிலா, பிள்ளையின் டியூஷனிலா, சீட்டுப் பணத்திலா? இதற்குப் பதில் எழுதினால் மூன்று அத்தியாயம் கிடைத்துவிடும்.

கழுத்தில் கவரிங் சங்கிலி. அது வேர்வை பட்டுப் பட்டுக் கறுக்கும். மாற்றுச் சங்கிலி ஒன்று வாங்க வேண்டும், பழையதைப் போலவே கண்ணி அமைந்ததாகத் தேட வேண்டும். இதுவும் செலவுதான்.

மற்ற ரகசியங்களுக்கும் இப்படியே கணக்குப் போடுங்கள். இரண்டு வீடு வைத்திருப்பவருக்குத் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியல் எந்த வீட்டில்? சர்க்கரை நோயை மறைப்பவர் இன்சுலினை எங்கே வைப்பார்? திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜை விட்டால் இடமில்லை, ஒரு நாளைக்குப் பத்து தடவை ஃப்ரிட்ஜைத் திறக்காத வீடும் இல்லை. செலவே இல்லாத ரகசியம் என்றால், உதாரணமாகக் கல்யாணத்துக்கு முன் ஒருவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் என்றால், அது சிறுகதைக்குப் போதும். 200 பக்கம் தாங்காது.

யாருக்கு எப்போது தெரியும்

ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மாதம், மனைவிக்குத் தெரிந்தது, கணவனுக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது. அத்தியாயத்துக்கு ஒரு வரி. எழுதும்போது எத்தனை மாறினாலும் இந்த நோட்டைத் திருத்தாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். நடுவில் கதை குழம்புவது பெரும்பாலும் மூன்றாவது நான்காவது கட்டங்களில்தான். கொழுந்தியாளுக்கு ஏழாம் அத்தியாயத்திலேயே தெரிந்திருக்கும். பன்னிரண்டில் அவள் ஒன்றும் அறியாதவள் போலப் பேசுவாள். நடிக்கிறாள் என்றால் சரி. எழுதியவர் மறந்துவிட்டார் என்றால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

ஐந்தாவது கட்டத்தைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது. வாசகரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். 45,000 சொல் நாவல், அச்சில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் என்று கொண்டால், 225 பக்கம் வரும். 30ஆம் பக்கத்துக்குள் சங்கிலி அடகில் இருப்பது வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கணவன் சும்மா “கழுத்துல என்ன கறுப்பா இருக்கு?” என்று கேட்டாலும் வாசகருக்கு வயிறு கலங்கும். கடைசிவரை மறைத்தால் அந்தக் கேள்விக்கு எந்தப் பெறுமதியும் இல்லை; வாசகர் அதைச் சாதாரணப் பேச்சாகத் தாண்டிப் போயிருப்பார்.

மறைத்தே தீருவேன் என்பவர்கள், ரகசியத்தை வைத்திருப்பவரை ‘நான்’ என்று கதை சொல்ல வைக்கக் கூடாது. தினமும் அடகுக்கடையை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி 200 பக்கம் நம்மிடம் பேசிக்கொண்டே அதை நினைக்காமல் இருந்தாள் என்றால் அது ஏமாற்று. தெரியாதவர் பக்கம் நின்று எழுதுங்கள்.

ரகசியம் இரண்டு பேரோடு நிற்பதில்லை

மதுரைப் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கட்டும் வழக்கம் உள்ள குடும்பங்களில் மாமியார் என்பவள் அத்தையும்தான். மனைவியின் தம்பி கணவனுக்கு மச்சினன் மட்டுமா, மாமன் மகனாகவும் இருப்பான். தம்பிக்காக அடகு வைத்ததைச் சொன்னால் எந்த உறவு அறுபடும் என்பதை எழுதும் முன் ஒரு வம்சக் கொடி வரைந்து தீர்மானியுங்கள். சொந்தத்தில் கட்டாத தம்பதிக்கு ரகசியம் உடைந்தால் பிரிந்து போக இரண்டு வீடு உண்டு. சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் போய் நிற்பதற்கும் அதே வாசல்தான்.

தொல்காப்பியத்தில் கற்பியல் என்ற பகுதி, தலைவன் தலைவிக்கு இடையே போய்வரும் வாயில்கள் என்று தோழி, தாய், பாணன், விருந்தினர், கண்டோர் முதலாகப் பன்னிரண்டு பேரைச் சொல்கிறது. உங்கள் நாவலுக்கும் வாயில்களை எண்ணி வையுங்கள். நாலைந்து பேர் போதும். மருந்துக்கடைப் பையன், வளவு வீட்டில் பக்கத்துக் குடித்தனம், ஆட்டோக்காரர், சீட்டுப் பிடிக்கும் அக்கா. ஒவ்வொருவருக்கும் ரகசியத்தின் ஒரு துண்டு மட்டும் தெரிய வேண்டும். முழுதும் தெரிந்த ஒருவர் ஊருக்குள் இருந்தால் கதையை அவரே முடித்துவிடுவார். வளவு வீட்டில் கதை நடந்தால் இன்னொரு வசதி: முற்றமும் குழாயும் பொது, சுவர் மெலிசு. சண்டையைக் கூட ரகசியமாகத்தான் போட வேண்டும்.

எது காட்டிக்கொடுக்கும்

குளிக்கப் போன கணவனின் போன் மேசைமேல் மினுங்குவது, பீரோவில் பழைய கடிதம், கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது. மூன்றையும் விட்டுவிடுங்கள். ஊரே காட்டிக்கொடுக்கட்டும்.

தேனிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவரை மாட்டுத்தாவணியில் பார்த்ததாக ஒருவர் பேச்சுவாக்கில் சொல்கிறார். தேனி பஸ் ஆரப்பாளையத்தில் அல்லவா ஏற வேண்டும்? மதுரைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை, நீங்களும் விளக்காதீர்கள். மார்கழி, தைப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறிக் கிடக்கும்போது, ஒருபோதும் பூ வாங்காத மனுஷன் ஒரு பந்து மல்லிகையோடு வந்து நின்றால் மனைவி சந்தோஷப்படுவதற்கு முன்னால் யோசிப்பாள். காதுகுத்து முடிந்த இரவு மொய் நோட்டைப் படித்துக் கூட்டும்போது, கேள்விப்படாத ஓர் ஊர், கேள்விப்படாத ஒரு பெயர், தாய்மாமன் செய்ததைவிடப் பெரிய தொகை. யார் இது என்று கேட்பாள் அப்பத்தா. வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது கேட்பாள்.

நம் சங்கிலிக்கு ஏற்ற இடம் சித்திரைத் திருவிழா. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். சங்கிலியைக் கழற்றும் நேரம் அது. மாமியார் கையில் வாங்குகிறாள்.

“ஏத்தா, என்ன இம்புட்டு லேசா இருக்கு?”

அந்த ஒரு கேள்வி போதும். நாற்பது கிராம் தங்கத்தைப் பல வருஷம் பார்த்த கைக்கு எடை தெரியும். மருமகள் என்ன பதில் சொல்கிறாள் என்பதைவிட, மாமியார் அதற்குமேல் எதுவும் கேட்காமல் கயிற்றில் மஞ்சள் தடவத் தொடங்குகிறாள் என்று எழுதிப் பாருங்கள். இப்போது ரகசியம் இரண்டு பெண்களுடையது, மாதச் செலவும் கூடிவிட்டது.

தேதியில் கவனம் தேவை. திருக்கல்யாணம் 2024ல் ஏப்ரல் 21, 2025ல் மே 8. கதை 2020ல் நடந்தால் கோயிலில் கூட்டமே கிடையாது. கொரோனாவால் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, வீட்டில் திரையைப் பார்த்தே கயிறு மாற்றிக்கொண்டார்கள். இந்த நாவலுக்கு அது இன்னும் நல்லது. வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது வட்டி கட்ட எப்படிப் போவாள்?

உடைப்பது

ஒரே இரவில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. நம் இலக்கணத்திலேயே இதற்கு நல்ல முறை இருக்கிறது. அறத்தொடு நிற்றலில் களவு, அதாவது மறைவான காதல், படிப்படியாக வெளியே வரும்: தலைவி தோழிக்கு, தோழி வளர்த்த தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். ஒவ்வொரு படியிலும் சொல்லும் விதம் மாறும், விஷயத்தின் ஒரு பகுதி கழன்றும் போகும். தொல்காப்பியம் ஏழு வகை சொல்கிறது. உண்மை செப்புவது அந்த வரிசையில் கடைசி. அதற்கு முன்னால் தலைவனைப் புகழ்ந்து சொல்லும் ஏத்தல் இருக்கிறது, ஒரு காரணத்தை இட்டுச் சொல்லும் ஏதீடு இருக்கிறது. கணவன் காதுக்குப் போகும்போது ‘தம்பிக்குக் கொடுத்தாள்’ என்பது ‘பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டாள்’ என்று மாறியிருக்கட்டும். அப்புறம் மனைவி உண்மையைச் சொன்னாலும் அவள் வாதாட வேண்டியது அந்தத் திரிந்த சேதியோடுதான்.

உடையும் இடத்தை நாவலின் மூன்றில் இரண்டு பங்கில், நம் கணக்கில் 150ஆம் பக்கத்தை ஒட்டி வையுங்கள். மீதி 75 பக்கம் உடைந்த பிறகு நடப்பது. அவர்கள் மறுநாள் காலை காப்பி குடித்தாக வேண்டும், யார் போடுவது? இந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டு மன்னிப்போடு முடிக்கும் நாவல்கள் நிறைய. கணவனும் சும்மா இருந்தவன் இல்லை என்று அங்கே தெரியவந்தால் நல்லது. ஒருத்தர் மட்டும் குற்றவாளி என்றால் கதை பஞ்சாயத்தாகப் போய்விடும்.

சட்டம்

சட்டத்தில் சறுக்கினால் வாசகர்களில் இருக்கும் வக்கீல்கள் விடமாட்டார்கள். பிறர் மனையோடு உறவு குற்றம் என்ற 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018ல் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான். மனைவி இருக்க இன்னொரு கல்யாணம் இந்துக்களுக்குக் குற்றமே: 2024 ஜூலை 1க்கு முன் இந்திய தண்டனைச் சட்டம் 494, அதன் பின் பாரதிய நியாய சம்ஹிதா 82. அந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது என்றாலும் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே, இந்து திருமணச் சட்டம் 16ஆம் பிரிவு. ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்பவர், ஏமாற்று தெரிந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபடும். கதைக்கு இந்தக் கடைசிச் செய்தி பொன் மாதிரி. தெரிந்த பிறகும் எத்தனை நாள் ஒரே வீட்டில் படுத்தார்கள் என்பது வழக்காகவே ஆகிவிடுகிறது.

சொத்து ரகசியம் என்றால் வில்லங்கச் சான்று போட்டாலே வெளிவரும். பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ‘ஹைகோர்ட்டு கேஸ், சென்னைக்குப் போறேன்’ என்ற சாக்கு மதுரைக் கணவனுக்கு 2004 ஜூலை 24 வரைதான் செல்லும். அன்றைக்கு மதுரைக் கிளை திறந்துவிட்டார்கள்.

பேச்சு

வட்டார வழக்கை அளவாகப் போடுங்கள். ‘அம்புட்டு’, ‘வெரசா’, ‘அங்கிட்டு’ பக்கத்துக்கு இரண்டு போதும். கவனம் வைக்க வேண்டியது விளியில். ‘என்னங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஒருநாள் பெயரும் சொல்லாமல் விளியும் இல்லாமல் ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கு’ என்றால் வீட்டில் எல்லாருக்கும் சேதி போய்விடும். ‘இந்தா’ என்று கூப்பிடும் கணவன் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படியே. எந்த அத்தியாயத்தில் விளி மாறுகிறது என்று அந்த நீள நோட்டில் ஆறாவது கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரதி முடிந்ததும் ஒரு சோதனை. ‘உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே’ என்று வாசகர் கேட்கக்கூடிய இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் அவர்கள் பேச முயன்று தடைபட்ட காட்சி ஒன்றாவது அதற்கு முந்தைய இருபது பக்கத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை விழித்துக்கொண்டது, விருந்தாளி வந்துவிட்டார், அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார், கெடுக்க மனம் வரவில்லை. கடைசியாகச் சொன்னது எப்போதும் செல்லும். காட்சி இல்லாத இடத்தில் ஒன்றை எழுதிச் சேர்த்துவிட்டு, வட்டிக் கணக்கை மறுபடி கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தால் 8,000 ரூபாய் ஏறியிருக்கும்.