மரம் நடும் ஸ்லைடரில் தொடங்கட்டும்: பருவநிலை மாற்றத்தை விளையாட்டாக நடத்த ஒரு வழி

முதல் முறை நான் சொதப்பினேன். 'சிவிலைசேஷன் 6' என்ற கணினி விளையாட்டின் 2019 இணைப்பான 'கேதரிங் ஸ்டார்ம்' வகுப்பில் ஓடியது. அதில் நிலக்கரியை எரித்தால் கடல் மட்டம் ஏறும், கரையோரக் கட்டங்கள் மூழ்கும். ஆனால் பழங்காலத்தில் தொடங்கும் அந்த விளையாட்டில் நிலக்கரிக் காலத்தை எட்டவே பல மணி நேரம் ஆகும். மணி அடித்தபோது என் மாணவர்கள் ஈட்டி வீரர்களோடு காட்டில் நின்றார்கள்.

ஆகவே ஒரு பாடவேளைக்குள் முடிவதையே எடுங்கள். நான் இப்போது நம்புவது 'என்-ரோட்ஸ்'. கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியோடு சேர்ந்து உருவாக்கியது. உலாவியில் இலவசமாகத் திறக்கும். கறாராகச் சொன்னால் இது சிமுலேட்டர்தான்: மரம் நடுதல், கார்பன் விலை போன்றவற்றின் ஸ்லைடர்களை, அதாவது திரையில் இழுக்கும் பட்டைகளை, நகர்த்தினால் எதிர்கால வெப்பநிலைக் கணக்கு மாறும். 2100-இல் வெப்பநிலை உயர்வை 2 டிகிரிக்குள் அடக்க வேண்டும் என்று பந்தயம் வைத்துவிட்டால் விளையாட்டாகிவிடும்.

நால்வருக்கு ஒரு கணினி. மவுஸ் பிடிப்பவர் வாய் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் ஒத்துக்கொண்டால்தான் ஸ்லைடர் நகரும். நகர்த்துவதற்கு முன் எத்தனை டிகிரி குறையும் என்று நோட்டில் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாதவர்கள் விடை வந்ததும், "எனக்கு அப்போதே தெரியும்" என்பார்கள்.

அநேகமாக எல்லாக் குழுவும் முதலில் மரம் நடப் போகும். ஒரு குழு "1 டிகிரி" என்று எழுதிவிட்டு ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தது. எண் லேசாக அசைந்தது. "சார், கணினி மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார்கள். அப்போது விளக்கம் சொல்லிவிடாதீர்கள். மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், நடுவதற்கு நிலம் வேண்டும் என்பதை இரண்டு நிமிட மௌனத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து கார்பன் விலை, அதாவது கார்பன் டை ஆக்சைடை உமிழ்வதற்கு விதிக்கும் கட்டணம். ஏற்றியதும் நிலக்கரிக் கோடு சரியும். அதே அளவு ஆற்றலுக்கு எண்ணெயைவிட, எரிவாயுவைவிட நிலக்கரி அதிகக் கார்பன் டை ஆக்சைடை விடுவதால் அடி முதலில் அதற்குத்தான்.

உமிழ்வுக் கோடு இறங்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் கோடு ஏறுவதையும் காட்டுங்கள். குழாயைப் பாதி மூடினாலும் தொட்டி நிரம்பத்தானே செய்யும்?

கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் யாராவது 2 டிகிரியைத் தொட்டுக் கைதட்டுவார்கள். அவர்களை எரிசக்திச் செலவு வரைபடத்தைத் திறக்கச் சொல்லி, "இந்தப் பணத்தை யார் கொடுப்பது?" என்று கேளுங்கள். சண்டை தொடங்கியதும் நான் திரைகளை அணைத்துவிடுவேன்.