பழைய ஓட்டுக் கடையறையைச் சின்ன வீடாக்குவது எப்படி?

வவுனியா டவுனில் ஓட்டுக் கூரையும் ஒன்றரை அடித் தடிப்பான சுவரும் உள்ள பழைய கடையறை ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12க்கு 20 அடி. இடித்துவிட்டு புளொக் கல்லில் கட்டினால் மலிவு என்று பத்துப் பேராவது சொல்வார்கள். நின்று பிடிக்கும் சுவரை இடிக்காதீர்கள். நகருக்குள் இவ்வளவு தடித்த, வெயிலைத் தாங்கும் சுவரை இனி யாரும் கட்டித் தரமாட்டார்கள்.

முதலில் காகிதம்

காணி உறுதி, நில அளவைப் படம், எல்லைச் சுவர் யாருடையது, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியா என்பதெல்லாம் தெளிவாக வேண்டும். மாற்றங்களுக்கான வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி எடுங்கள். கட்டடம் மிகப் பழையது என்று சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் கழற்றக் கூடாது.

பிறகு பார்வை

வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் வெடிப்பு கோட்டைத் தாண்டினால் மேசனைக் கூப்பிடுவதற்கு முன் பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும். ஷெல் துண்டு பட்ட சுவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். வளவில் கிண்டும்போது துருப்பிடித்த உலோகம் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிஸின் 119க்கு அறிவியுங்கள். போர் 2009இல் முடிந்தாலும் வன்னி மண்ணில் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

கூரை

மாரி மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டும். ஆகவே கூரை வேலையைத் தைப்பொங்கல் கழிந்து தொடங்கி, ஆவணிக்குள் முடிக்கப் பாருங்கள். ஓடுகளைக் கழற்றி, தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை மட்டும் வையுங்கள். தீராந்தி, கைமரம், சலாகை என்று கூரை மரங்கள் எல்லாவற்றையும் ஆணியால் குத்திப் பாருங்கள். கறையான் முதலில் தின்பது சுவருக்குள் செருகியிருக்கும் மர நுனியை. மாற்றுவதற்குப் பாலை, முதிரை வைரம் நல்லது, ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாத மரத்தை மலிவென்று வாங்கி ஏற்றி வராதீர்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்று இருந்தால் உலர்ந்தபடி அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

சுவர்

பணமும் பொறுமையும் இங்கேதான் தேவை. சாந்தை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக, இலகுவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். இத்தகைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, முகப்பு வழியாகக் காயவிடும். அதன்மேல் சீமெந்துப் பூச்சையோ பிளாஸ்டிக் பெயின்றையோ பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், உவர் பூக்கும், கடைசியில் பூச்சு தகடாய்க் கழன்று விழும். ‘சீமெந்து போட்டால் உறுதி’ என்று மேசன்மார் சொல்வது புதுச் சுவருக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

செய்முறை இதுதான். பழைய சீமெந்துப் பூச்சை மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். கல்லிடையே உதிரும் சாந்தைச் சுரண்டி எடுங்கள். நீற்றிச் சில வாரம் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழையுங்கள். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பூசுங்கள். ஒவ்வொரு படையும் இறுகிய பின்தான் அடுத்தது. ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வெயிலையும் சோளகக் காற்றையும் மறையுங்கள், விரைவாகக் காய்ந்தால் வெடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்கி மெல்ல இறுகுகிறது, அதனால் அவசரப்படுத்த முடியாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு போட மறக்காதீர்கள்.

குசினியும் குளியலறையும்

இரண்டையும் ஒரே பக்கச் சுவரில் அடுத்தடுத்து வையுங்கள். பைப் குறையும், ஈரமும் ஓரிடத்தில் அடங்கும். இந்த இடத்தில் மட்டும் உள்ளே தனிச் சுவர் எழுப்பி டைல் பதியுங்கள், பழைய சுவருக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு. மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். வன்னிக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, கேத்தலில் படியும் வெள்ளையே சாட்சி. கூரை விளிம்பில் பீலி வைத்து மழைநீரைத் தாங்கியில் சேர்த்தால் பெரிய உதவி.

மின்சாரம், பரண்

சுவரை நீளவாக்கில் வெட்டி வயர் புதைக்காதீர்கள், வயர்க் குழாயை (கொண்டியூற்) சுவருக்கு வெளியே ஓடவிடுங்கள். மின் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் எர்த்தும் கட்டாயம். அனுமதி பெற்ற மின் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

பரணை குளியலறைக்கு மேல் மட்டும் போடுங்கள். முழு அறைக்கும் போட்டால் உயர்ந்த கூரையின் குளிர்ச்சி போய்விடும். கீழே ஏழடி தலையிடம் விடுங்கள். ஓட்டுக்குக் கீழ் வெப்பக் காப்புத் தகடு விரித்து, உச்சியில் சூடு வெளியேற வழி விடுங்கள். பரணின் பாரத்தைச் சுவரில் ஏற்றாமல் இரும்புக் கால்களில் நிறுத்துவது நல்லது, பிடிக்காவிட்டால் நாளைக்குக் கழற்றலாம்.

கடைசியாகச் சுண்ணாம்பு வெள்ளை, மெல்லியதாக மூன்று நான்கு பூச்சு.